கூரைக்கு ஜவாப்தாரி யார்?

2021-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி காலையில், கனடா தேசத்து வான்கூவர் நகரத்திலும் அதை அடுத்த வட வான்கூவரிலுமாக, பிரிமேஸன் சங்கத்தாரின் மூன்று மண்டபங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீ வைக்கப்பட்டது. மூன்றும் ஒரே மனிதனுடைய செய்கை என்பது பின்னர் கோர்ட்டில் ருஜுவாயிற்று. அவன் தண்டனையும் அடைந்தான். சட்டம் தன் கடமையைச் செய்தது, சரியே. ஆனால் குற்றவாளியைச் சிறையிலடைத்ததால் இடிந்த சுவரில் ஒரு செங்கல்லாவது மேலேறுவதில்லை. மண்டபத்தை மறுபடியும் எழுப்பப் பணம் எங்கிருந்து வருவது என்ற கேள்வி, குற்ற விசாரணை முடிந்த பிறகும் சங்கத்தாரின் எதிரே அப்படியே நிற்கும். அக்கேள்வியைப் பற்றியே இன்று நாம் எழுதப் புகுந்தோம்.

'லாட்ஜ்' என்றால் நம் நேயர்களிற் பலருக்குப் பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள தங்கும் விடுதியே நினைவுக்கு வரும். நாம் சொல்வது அதுவன்று. பிரிமேஸன்கள், ஆட்பெல்லோக்கள், எல்க்ஸ், மூஸ் என்று பற்பல பெயர்களுடன், தம்முள் ஒருவரையொருவர் சகோதரர் என்றழைத்து, ரகசியச் சடங்குகளால் அங்கத்தினரைச் சேர்த்து, பரஸ்பர உதவியையும் தர்ம காரியங்களையும் லக்ஷ்யமாகக் கொண்ட சங்கங்களின் கிளைகளுக்கே மேல்நாட்டில் லாட்ஜ் என்று பெயர். லண்டனில் 1717-இல் தலைமைச் சபை அமைத்துக்கொண்ட பிரிமேஸன்கள் இவர்களில் மூத்தவர்கள். ஆயினும் இச்சங்கங்கள் காடாக வளர்ந்த பூமி ஐக்கிய அமெரிக்காவேயாகும். ஒவ்வொரு சிற்றூரிலும் கடைத்தெருவில் இரண்டு மூன்று மாடிக் கட்டடம். கீழே வாடகைக்குக் கடைகள். மேலே லாட்ஜ் மண்டபம். இப்படி ஆயிரக்கணக்கில் எழுந்தன.

இவற்றின் சரித்திரத்தில் ஒரு விநோதம் உண்டு. அமெரிக்காவின் ஏழைத் தொழிலாளிக்கு இன்ஷூரன்ஸ் என்பதைக் கற்றுக்கொடுத்த பெருமையில் பெரும் பங்கு இச்சங்கங்களையே சாரும். 1868-இல், பென்ஸில்வேனியா ராஜ்யத்து மீட்வில் என்ற ஊரில், ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்ற ரயில்வேத் தொழிலாளி, 'ஐக்கியத் தொழிலாளர் புராதன சங்கம்' என ஒன்றை ஸ்தாபித்தார். அங்கத்தினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போடவேண்டும். அப்படிச் சேரும் தொகை, 2,000 டாலர் என்ற வரம்புக்குட்பட்டு, விதவைக்குச் சேரும். இதுவே திட்டம். இதைப் பின்பற்றி எத்தனையோ சங்கங்கள் தோன்றின. 1882-இல் மைக்கேல் மக்கிவ்னி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் நியூஹேவன் நகரில் தொடங்கிய 'கொலம்பஸ் வீரர்' சங்கம் இன்றும் தன் அங்கத்தினருக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் நடத்திவருகிறது. பிறர் மனையாளின் விதவைக் காலத்துக்கு இவ்வளவு முன்யோசனையுடன் ஏற்பாடு செய்தவர்கள், தங்கள் சொந்த மண்டபத்துக்கும், அம்மண்டபத்துக்குள் தாங்கள் செய்யும் காரியங்களுக்கும் அதே முன்யோசனையைக் காட்டினார்களா? பெரும்பாலும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம். தீ வந்தால் சகோதரர்கள் கொடுப்பார்கள், வழக்கு வந்தால் சகோதரர்கள் நிற்பார்கள் என்ற நம்பிக்கையிலேயே பல லாட்ஜுகள் காலந்தள்ளின.

சகோதரர்கள் கொடுப்பார்கள் என்பதில் பொய்யில்லை. ஆனால் கணக்கு வேறு. ஆயிரம் பேருள்ள சங்கத்தில் வருஷத்துக்குப் பத்துப் பேர் இறப்பார்கள். ஒவ்வொரு தடவையும் மிச்சமுள்ளவர் ஒரு டாலர் கொடுத்துவிடலாம். அந்த முறைகூட, அங்கத்தினருக்கு வயதேற வயதேறச் சாவு மிகுந்து, வசூல் மிகுந்து, வாலிபர்கள் சேராமல் விலகியதால் தடுமாறியதைச் சரித்திரம் காட்டுகிறது. தீயோ, ஒரு சகோதரனைத் தொட்டு மற்றவரை விடுவதன்று. அது சங்கம் முழுவதையும் ஒரே இரவில் பிடிக்கும். நஷ்டத்தைச் சுமக்கிறவரும் அதை ஈடுசெய்ய வேண்டியவரும் ஒரே கூட்டமாயிருந்தால், அங்கே இன்ஷூரன்ஸ் என்பதே இல்லை. வலது பையிலிருந்து எடுத்து இடது பையிற் போடுவதுதான் உண்டு. ஆபத்தைத் தனக்கு வெளியே, முன்பின் அறியாத பதினாயிரம் பேர்மீது பரவச் செய்வதே இன்ஷூரன்ஸின் சாரம். சகோதரத்துவம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்த வேலையைச் செய்யாது.

இந்த உண்மையைக் கண்ட ஒருவர் அவர்களிலேயே இருந்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் பிரிமேஸன். பென்ஸில்வேனியாவில் 1734-இல் தலைமை ஆசானாகவும் இருந்தவர். அவர்தாம் 1752-இல் பிலடெல்பியாவில் வீடுகளுக்குத் தீ இன்ஷூரன்ஸ் செய்யும் பரஸ்பர ஸ்தாபனம் ஒன்றை நண்பர்களுடன் ஏற்படுத்தினார். அது லாட்ஜன்று, சடங்கில்லை, சங்கேதமில்லை. வீட்டை நேரிற் பார்வையிட்டு, எந்தச் சுவர் எதனாலானது என்று எழுதிக்கொண்ட பிறகே பாலிஸி கொடுத்தார்கள். பின்னாளில் வீட்டின் முன்னே மரமிருந்தால் தீயணைக்க இடையூறு என்று சொல்லி, அத்தகைய வீடுகளை ஏற்க மறுத்தார்கள். மரத்தை நேசித்தவர்கள் கோபித்துக்கொண்டு 1784-இல் வேறொரு ஸ்தாபனம் தொடங்கி, அதற்குப் பச்சை மரத்தையே முத்திரையாக வைத்தார்கள்! பார்வையிடுகிறவனின் கண்ணுக்குக் கட்டடத்தைத் திறந்து காட்டுதல் என்பதே பாதிக் காப்பு என்று நாம் கருதுகிறோம். அதே பிலடெல்பியாவில் செஸ்ட்நட் தெருவிலிருந்த பிரிமேஸன் மண்டபம் 1819 மார்ச்சில் எரிந்துபோயிற்று. 1864 ஏப்ரலில் பாஸ்டன் நகரில் நேர்ந்த தீ விபத்தில் மாஸசூஸெட்ஸ் தலைமைச் சபை தன் அறைகளையும் புத்தகங்களையும் ஒருங்கே இழந்தது. கட்டடத்துக்கு விலையுண்டு. பழைய சாசனத்துக்கும் கையெழுத்துப் புத்தகத்துக்கும் எந்தக் கம்பெனி விலை போடும்? அவற்றுக்குப் பிரதியெடுத்து வேறிடத்தில் வைப்பது ஒன்றே இன்ஷூரன்ஸ்.

பாலிஸி இருந்தால் போதும் என்று நினைப்பாருமுளர். இங்கேதான் நிர்வாகஸ்தர்கள் ஏமாறுகிறார்கள். அமெரிக்கச் சொத்துப் பாலிஸிகளில் 'கூட்டு இன்ஷூரன்ஸ்' என்றொரு ஷரத்து உண்டு. கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட 10,00,000 டாலர் ஆகுமென்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவிகிதத்துக்காவது, அதாவது 8,00,000 டாலருக்காவது, இன்ஷூரன்ஸ் செய்திருக்கவேண்டும் என்பது ஷரத்து. லாட்ஜின் பொக்கிஷதார் செலவைச் சுருக்கி 4,00,000 டாலருக்கே பாலிஸி எடுத்தார். ஒரு பகுதி மட்டும் எரிந்து 2,00,000 டாலர் நஷ்டம். பாலிஸித் தொகைக்குள்தானே நஷ்டம் இருக்கிறது, முழுவதும் வந்துவிடும் என்று அவர் எண்ணுவார். வருவது 1,00,000 டாலர்தான். கழிவு நீங்கலாக என்றால் அதிலும் குறையும். வேண்டியதில் பாதிக்குத்தானே காப்புச் செய்தாய், நஷ்டத்திலும் பாதியைத்தான் தருவேன் என்பது கம்பெனியின் நியாயம். முப்பது வருஷத்துக்கு முன் போட்ட மதிப்பையே வருஷாவருஷம் கையெழுத்திட்டுப் புதுப்பித்துக்கொண்டு போகும் சங்கங்களுக்கெல்லாம் இந்தக் கதிதான்.

இன்னொரு ஷரத்து லாட்ஜுகளுக்கென்றே எழுதியது போலிருக்கும். சொந்தக்காரர் வசமுள்ள கட்டடத்தின் பரப்பில் 31 சதவிகிதமாவது உபயோகத்தில் இல்லாவிட்டால் அது காலிக் கட்டடம் என்றும், அப்படி 60 நாளுக்கு மேல் தொடர்ந்து காலியாகக் கிடந்தால், திருட்டு, நாசவேலை, குழாய் வெடித்து நீர் பாய்தல் முதலியவற்றுக்கு நஷ்டஈடே இல்லை, தீ முதலியவற்றுக்கும் 15 சதவிகிதம் குறையும் என்றும் அங்கு வழக்கமான பாலிஸி கூறுகிறது. அமெரிக்காவில் பிரிமேஸன்கள் 1959-இல் 40 லக்ஷத்துக்கும் மேற்பட்டிருந்தார்கள். இன்று 10 லக்ஷத்துக்குக் குறைவு. ஐந்நூறு பேருக்குக் கட்டிய மண்டபத்தில் இருபது கிழவர்கள் மாதம் இரண்டு நாள் கூடுகிறார்கள். கீழ்க்கடையில் வாடகைக்கு ஆளில்லை. அக்கட்டடம் சட்டப்படி காலியா, இல்லையா? விபத்துக்குப் பிறகு வக்கீல்கள் வாதாடவேண்டிய விஷயமாக இதை விட்டுவைப்பது புத்திசாலித்தனமாகாது. நூறு வருஷத்துக் கட்டடத்தை மறுபடியும் கட்டுகையில், இன்றைய நகரசபைச் சட்டப்படி அகலமான படியும் தீத்தடுப்புக் கதவும் வைக்கவேண்டும் என்பார்கள். அந்த அதிகச் செலவுக்குத் தனி ஷரத்து வாங்கியிராவிட்டால் கம்பெனி அதிற் பெரும்பாகத்தைத் தராது.

சொத்து நஷ்டத்துக்கு ஓர் எல்லையுண்டு. கட்டடம் முழுவதும் போனாலும் அதன் விலையோடு கணக்குத் தீர்ந்தது. ஜவாப்தாரிக்கு அந்த எல்லை கிடையாது. ஒரு மனிதன் நம் கூரையின் கீழ்க் காலொடிந்தாலும் உயிரிழந்தாலும், அதற்கு நாம் தரவேண்டியது எவ்வளவென்று ஜூரி சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. இந்த விஷயத்தில் லாட்ஜுகளின் சரித்திரம் சிரிப்பும் கண்ணீரும் கலந்தது.

சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் புதிதாகச் சேருகிறவனை வேடிக்கைக்காகத் துன்புறுத்துவது பல சங்கங்களில் வழக்கமாயிருந்தது. இதற்கென்றே யந்திரங்கள் செய்து விற்கும் கம்பெனி ஒன்று இல்லினாய் ராஜ்யத்து கிரீன்வில்லில் தழைத்தது. டிமூலின் சகோதரர்கள் என்பது அதன் பெயர். சக்கரம் பூட்டிய ஆட்டுக்கடா மேல் கண்ணைக் கட்டி ஏற்றிக் குலுக்குவது, உட்கார்ந்தவுடன் மடங்கி விழும் நாற்காலி, பின்புறத்தில் அடிக்கையில் வெற்றுத் தோட்டா வெடிக்கும் பலகை, மிதித்தால் மின்சாரம் தாக்கும் கம்பளம் என்று, படங்களுடன் ஜாபிதாவே அச்சிட்டு அனுப்பினார்கள். அக்கம்பெனி பிற்காலத்தில் இவற்றையெல்லாம் விட்டு பாண்டு வாத்தியக்காரருக்கு உடை தைப்பதையே தொழிலாகக் கொண்டது. நல்லதாயிற்று.

1913 ஜூலை 24-ந் தேதி அலபாமா ராஜ்யத்து பர்மிங்ஹாமில், மூஸ் சங்கத்தில் சேரவந்த இருவருடைய கண்களைக் கட்டினார்கள். பழுக்கக் காய்ந்த முத்திரையால் மார்பிற் சூடு போடப்போகிறோம் என்று நம்பச்செய்து, பனிக்கட்டியில் குளிர்வித்த முத்திரையை வைத்து, கூடவே சிறு மின்சாரத்தையும் செலுத்தினார்கள். இருவரும் மயங்கி விழுந்தனர். பாசாங்கு செய்கிறார்கள் என்று சிரித்தார்கள். சற்று நேரத்தில் இருவரும் பிணமானார்கள். கிளையின் செய்கைக்குத் தலைமைச் சபை ஜவாப்தாரியா என்ற வழக்கு ராஜ்யத்து உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

அது பழங்கதை, இப்பொழுது யார் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பவருக்கு 2004-ஆம் வருஷத்தைக் காட்டுவோம். அவ்வருஷம் மார்ச்சு 8-ந் தேதி, நியூயார்க் ராஜ்யத்து பாச்சோக் என்ற ஊரில், பிரிமேஸன் லாட்ஜின் நிலவறையில் ஒரு சடங்கு நடந்தது. புதிய சகோதரரை உட்காரவைத்து, வெற்றுத் தோட்டாவைச் சுட்டுப் பயமுறுத்துவது ஏற்பாடு. சுடவேண்டிய 76 வயதுப் பெரியவர் இரண்டு துப்பாக்கிகளை வைத்திருந்தார். எடுக்கக்கூடாததை எடுத்துவிட்டார். எதிரிலிருந்தவர் அந்த இடத்திலேயே மாண்டார். கிழவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கோர்ட்டு அவரைச் சிறைக்கனுப்பாமல் கண்காணிப்பில் வைத்தது. இத்தகைய சடங்கு எங்கள் விதிகளில் இல்லை என்று தலைமைச் சபை கூறியது. விதியில் இல்லை என்பது சங்கத்தின் மானத்தைக் காக்கலாம். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் அது இருமுனைக் கத்தி. பாலிஸி காப்பது சங்கத்தின் காரியங்களை; இது சங்கத்தின் காரியமே அன்று என்றால், சுட்டவருக்கும் சூழ நின்றவருக்கும் பாலிஸியின் நிழல் உண்டா என்ற கேள்வி உடனே பிறந்துவிடும். சங்கத்துக்குள் ஓர் உட்சங்கம், அதற்குத் தனிக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோர், பாலிஸியில் அந்த உட்சங்கத்தின் பெயரும் இருக்கிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

இந்த இடத்தில் சட்டத்தின் ஒரு பழைய விதியைச் சொல்லவேண்டும். இன்ஷூரன்ஸ் என்பது பூரண நம்பிக்கையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். காப்புக் கேட்பவன் தனக்குத் தெரிந்த முக்கியமான எதையும் மறைக்கக்கூடாது. 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்பீல்டு பிரபு இதை வகுத்துரைத்தார். அந்த வழக்கே கீழைக்கடலைப் பற்றியது: சுமத்ராத் தீவில் பெங்கூலன் என்னுமிடத்தில் ஆங்கிலேயர் கட்டிய கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டதால் எழுந்தது. கவர்னர் ஜெயித்துவிட்டார் என்பது வேறு விஷயம். விதி நின்றுவிட்டது. ரகசியத்தையே உயிராகக் கொண்ட சங்கம், தன் நிலவறையில் என்ன நடக்கிறதென்பதை முன்பின் அறியாத ஒரு கம்பெனியின் விண்ணப்பத் தாளில் எழுதவேண்டும் என்பதைவிட வேடிக்கை வேறுண்டோ? மின்சார யந்திரத்தைச் சகோதரரல்லாதாருக்குச் சொல்லமாட்டோம் என்று சபதம் செய்தவர், கம்பெனிக்கும் சொல்லாதிருந்தால், விபத்து நாளன்று பாலிஸி வெறுங்காகிதமாகலாம்.

தர்ம ஸ்தாபனங்கள்மீது வழக்கே செல்லாது என்றிருந்த காலமும் உண்டு. மாஸசூஸெட்ஸ் நீதிமன்றம் 1876-இல் ஓர் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. பல ராஜ்யங்கள் பின்பற்றின. 1942-இல் வாஷிங்டனில் நீதிபதி ரட்லெட்ஜ், தர்மம் செய்கிறவன் அஜாக்கிரதையாயிருக்க லைசென்ஸ் பெற்றவனல்லன் என்னும் கருத்துப்பட எழுதிய தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கோட்டை சரியத் தொடங்கியது. 1997-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தொண்டர்களைக் காக்க ஒரு சட்டம் செய்தது. சம்பளமின்றி வேலை செய்யும் தொண்டர் சாதாரண அஜாக்கிரதைக்குச் சொந்த முறையில் ஜவாப்தாரியல்லர். மோட்டார் ஓட்டியது விலக்கு, பெருங்கவனக்குறைவு விலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்தாபனத்துக்கு அச்சட்டம் ஒரு பாதுகாப்பும் தரவில்லை. தொண்டர் தப்பினால் சங்கம் அகப்படும்.

மதுபானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுவிலக்கை ஒரு தர்மமாகப் போற்றும் பத்திரிகை இது. லாட்ஜின் உண்டியல் மதுக்கடையால் நிரம்புவதில் நமக்குப் பிரியமில்லை. ஆயினும் அங்கே பல சங்கங்களுக்கு அதுவே பிரதான வருமானம். குடித்துவிட்டுச் சென்றவன் மோட்டாரால் ஒருவனைக் கொன்றால், ஊற்றிக்கொடுத்தவர்மீதும் வழக்குத் தொடரப் பல ராஜ்யங்களில் சட்டமிருக்கிறது. சாதாரண ஜவாப்தாரிப் பாலிஸியோ, மது வியாபாரம் செய்வோரின் இந்தப் பொறுப்பை விலக்கிவிடுகிறது. நாங்கள் வியாபாரிகளல்ல, லாபமில்லாத சகோதர சங்கம் என்று ஒரு முன்னாள் போர்வீரர் சங்கக் கிளை வாதித்ததை மாஸசூஸெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1986-இல் ஏற்க மறுத்தது. விற்கிறாயா, விற்கிறாய், அப்புறம் லாபமென்ன, நஷ்டமென்ன? ஆகவே மதுவுக்குத் தனிப் பாலிஸி வாங்கவேண்டும். அல்லது, நமக்கு உகந்தபடி, மதுவை நிறுத்தவேண்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைப் புகழ்ந்து பாடுவது நம் நோக்கமன்று. 1881-இல் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி, நீக்ரோ மக்கள் வெள்ளையருக்குச் சமமான சந்தா கட்டினாலும் மரணத்தின்போது மூன்றிலொரு பங்கு குறைத்தே கொடுப்பதென்று தீர்மானித்தது. கறுப்பு மக்கள் என்ன செய்தார்கள்? அதே வருஷம் ரிச்மண்டு நகரில், அடிமையாய்ப் பிறந்த வில்லியம் வாஷிங்டன் பிரௌன் 'உண்மைச் சீர்திருத்தக்காரர்' என்ற சகோதர சங்கத்தைச் சீரமைத்து, அதை இன்ஷூரன்ஸ் ஸ்தாபனமாக்கி, சில வருஷங்களில் பாங்கியும் நிறுவினார். அந்தப் பாங்கி 1910-இல் முறிந்தது. ஆனால் முயற்சியின் வீரம் முறியவில்லை. 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில் ஒக்லஹோமா ராஜ்யத்து டல்ஸாவில் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் என்ற கறுப்பர் பேட்டையைக் கொளுத்திற்று. பாலிஸிகள் பல வீடுகளில் இருந்தன. கலகத்தால் வந்த நஷ்டத்துக்குப் பொறுப்பல்ல என்ற ஷரத்தைக் கம்பெனிகள் காட்டின. அங்கே தியேட்டரும் ஹோட்டலும் வைத்திருந்த ஒருவர் வழக்காடினார். ராஜ்யத்து உச்ச நீதிமன்றம் 1926-இல் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தது. பிரீமியம் வாங்குகையில் எல்லா நிறத்தவரும் ஒன்று. கொடுக்கையில் ஒரு வரி சிறிய எழுத்து வந்துவிடுகிறது. எந்த அபாயத்துக்கு ஒரு சமூகம் அதிகமாக அஞ்சவேண்டியிருக்கிறதோ, அதே அபாயம் பாலிஸியில் விலக்கப்பட்டிருக்கிறதா என்று முதலிற் படிக்கவேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் பிரிமேஸன் லாட்ஜ் 1752-லேயே தோன்றிற்று. எழும்பூரில் அவர்களுடைய பெரிய மண்டபத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். வெள்ளைக்காரத் தலைமையின் கீழிருந்த இந்திய லாட்ஜுகள் பல சேர்ந்து 1961-இல் இந்தியத் தலைமைச் சபையை அமைத்துக்கொண்டன. ஆனால் நாம் சொல்லிவந்த ஆபத்துகள் அவர்களுக்கு மட்டும் உரியனவல்ல. வாசகசாலை, சங்கீத சபை, சமூக மகமை, தொழிற்சங்கக் கட்டடம், தமிழ்ச்சங்கம் யாவும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே மாதிரியான பிராணிகளே. பழைய கட்டடம், சம்பளமில்லாத காரியதரிசி, கலியாணத்துக்கு வாடகை, மேடைக்குத் தாற்காலிக மின்சாரக் கம்பி, பந்தலில் ஐந்நூறு பேர்: இதில் எது லாட்ஜுக்கும் நமக்கும் வேறு?

ரிஜிஸ்தர் ஆகாத சங்கமாயின் நிலைமை இன்னும் மோசம். ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிவி கவுன்ஸிலுக்குச் சென்ற ஒரு வழக்கில் 1903-இல், கிளப்பின் சாதாரண அங்கத்தினர் தம் சந்தாவுக்கு மேல் ஒரு காசும் தரக் கடமைப்பட்டவரல்லர் என்று தீர்ப்பாயிற்று. கேட்பதற்கு இனிமையாயிருக்கிறது. அப்படியானால் மீதியைக் கொடுப்பது யார்? கையெழுத்திட்ட தர்மகர்த்தாவும், உத்தரவிட்ட நிர்வாகியும்தான். கைதட்டியவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்வது முதற் காப்பு. இன்ஷூரன்ஸ் இரண்டாவது காப்பு. மனித உயிர் அஜாக்கிரதையால் போனால் நேரும் சிறைத் தண்டனையை எந்தக் கம்பெனியின் பாலிஸியும் ஏற்காது என்பதையும் நிர்வாகஸ்தர்கள் மறக்கலாகாது.

பொது ஜவாப்தாரி இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கிய நமது 1991-ஆம் வருஷத்துச் சட்டம், போபால் துயரத்துக்குப் பின் வந்தது. அபாயகரமான இரசாயனப் பொருள்களைக் கையாளுவோருக்கே அது கட்டளை. சபாவுக்கும் வாசகசாலைக்கும் கட்டாயமில்லை. கட்டாயமில்லாததால் வாங்குவாருமில்லை. ஆனால் கிளப்புகள், மண்டபங்கள், பள்ளிகள் போன்ற இடங்களுக்குரிய பொது ஜவாப்தாரிப் பாலிஸியை நம் கம்பெனிகள் விற்கத்தான் விற்கின்றன. தீ விஷயத்தில், 5 கோடி ரூபாய்க்குட்பட்ட இடங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் வந்த பொதுமாதிரிப் பாலிஸியில் கலகத்தால் வரும் நஷ்டமும் அடங்கியிருக்கிறது. டல்ஸா மக்களுக்குக் கிட்டாதது நமக்குக் கிட்டியிருக்கிறது. மதிப்பிற் 15 சதவிகிதம்வரை குறைந்திருந்தாலும் அதற்காகக் கழிப்பதில்லை. அதற்குமேல் குறைந்தால் இங்கும் விகிதாசாரந்தான்: 1 கோடி ரூபாய்க் கட்டடத்துக்கு 40 லக்ஷத்துக்குப் பாலிஸி எடுத்தவர், 10 லக்ஷ ரூபாய் நஷ்டத்துக்கு 4 லக்ஷமே காண்பார்.

விதியை நம்பாமல் கம்பெனியை நம்புவதா என்று கேட்கும் பெரியவர்களுக்கு நம் தேசிய இயக்கத்தின் சரித்திரத்தையே பதிலாகச் சொல்வோம். சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியாக் கம்பெனி பிறந்தது. அந்நிய நாட்டுக்கு ஓடும் பிரீமியப் பணம் நம் நாட்டிலேயே நிற்கவேண்டும் என்ற எண்ணம் அக்காலத் தேசாபிமானிகளுக்கு இருந்தது. 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தால் நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்காகச் சேர்க்கப்பட்டபோது, யுனைடெட் இந்தியா என்ற பெயர் தாங்கியதற்குச் சென்னையே தலைமையிடமாயிற்று. விதியென்று கைகட்டியிருந்தவர்கள் இதைச் செய்யவில்லை.

இனி நிர்வாகஸ்தர்களுக்கு ஒரு வேலை சொல்வோம். கட்டடத்தை இன்றைய விலையில் ஓர் எஞ்சினீயரைக்கொண்டு மதிப்பிடச் செய்யுங்கள். மின்சாரக் கம்பிகளைச் சோதிக்கச் செய்யுங்கள். மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவரின் விபத்துப் பொறுப்பு யாருடையது என்று வாடகைச் சீட்டிலேயே எழுதுங்கள். பிறகு பாலிஸியை எடுத்து, அது யார் பெயரில் இருக்கிறதென்று பாருங்கள். காலஞ்சென்ற தர்மகர்த்தா ஒருவருடைய பெயரிலேயே வருஷாவருஷம் பிரீமியம் கட்டிவரும் சங்கங்கள் உண்டு. நிலப் பத்திரம் ஒருவர் பெயரில், வரி ரசீது இன்னொருவர் பெயரில், பாலிஸி மூன்றாமவர் பெயரில் என்றிருந்தால், தீக்குப்பின் கம்பெனியின் சர்வேயர் கேட்கும் முதற் கேள்வி, இந்தச் சொத்தில் உமக்கு என்ன பாத்தியம் என்பதாகவே இருக்கும். பதிவு பெற்ற சங்கத்தின் பெயருக்கு மூன்றையும் மாற்ற ஒரு தீர்மானமும், சில வாரங்கள் காரியாலயங்களுக்கு நடையும் தேவை. வரும் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் அத்தீர்மானத்தைக் கொண்டுவர எந்தச் சங்கத்துக்கும் தடையில்லை.